தன்னை அப்படியே ஏற்றுக்கொண்டால் முன்னேற்றம் நின்றுவிடாதா?

நிற்காது. எனக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்தே திக்குவாய். 'ப'வில் தொடங்கும் சொல் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பட்டு, பருத்தி, பாவாடை... ஜவுளிக்கடையில் வேறென்ன பேச்சு! வருஷக்கணக்காக அதை மறைக்கவே பாடுபட்டேன். சேலையை எடுத்துப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் ஒரு அம்மாவிடம், "எனக்குத் திக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன். "அதுக்கென்னய்யா, மெதுவாச் சொல்லு" என்றார். திக்கு போகவில்லை, பயம் போனது. பேச்சுப் பயிற்சிக்கே அதன் பிறகுதான் போனேன். மறைக்கிற வரைக்கும் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரே நாளில் மாற வேண்டும் என்றும் இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் ஊர் மேலமாசி வீதியில் ஒரு வீட்டிலிருந்துதான் காந்தி அரையாடையோடு வெளியே வந்தார். அதற்கு முன் இரண்டு முறை நினைத்துவிட்டுச் செய்யாமல் விட்டிருந்தார். மதுரையிலும், குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார். அது கடைசிவரை நீடித்தது.

நீங்களும் ஒரு மாசத்துக்கு என்றே ஆரம்பியுங்கள். நீட்டிப்பதா வேண்டாமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.