ஒரே புரதம், நாளுக்கொரு தடிமன்: எதை நம்புவது?

கேள்வி: சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய தகட்டில்) மாட்டு ரத்தப் புரதமான அல்புமினைப் படியவிட்டு, பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) கழுவி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தடிமனைக் கணக்கிடும் எலிப்சோமீட்டரில் அளக்கிறேன். ஒரு நாள் 2 நானோமீட்டர், மறுநாள் 5 வருகிறது. எஸ்.பி.ஆர். (தங்கப் படலத்தை ஒட்டிய ஒளிவிலகல் எண் மாற்றத்தை அளக்கும் முறை) கருவிக்கு மாறிவிடலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: மாறுவதற்கு முன் அந்த 5-ஐக் கொஞ்சம் விசாரிப்போம். உலர்ந்த புரதத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.35 கிராம். அந்தக் கணக்கில் 5 நானோமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 6.75 மில்லிகிராம். அல்புமின் ஒற்றை அடுக்காகப் படுத்துக் கிடந்தால் 2, 3 மில்லிகிராம்தான் இருக்கும். மீதி எங்கிருந்து வந்தது? எனக்கு முதல் சந்தேகம் பஃபரின் உப்பு மேல்தான். நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். கடைசியாக அயனி நீக்கிய நீரில் இரண்டு முறை அலசிவிட்டு ஊதிப் பாருங்கள்.

அப்புறம், வேஃபரின் மேல் இயல்பாகவே 2 நானோமீட்டர் அளவுக்கு ஆக்சைடு இருக்கும். நீங்கள் சுத்தம் செய்யும் விதத்தைப் பொறுத்து அதுவும் மாறும். அதனால் புரதம் போடும் முன் அதே வேஃபரை அதே இடத்தில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத அளவீட்டை நான் நம்ப மாட்டேன்.

ஒளிவிலகல் எண், தடிமன் இரண்டையும் மென்பொருளிடம் ஒன்றாகக் கேட்காதீர்கள். இவ்வளவு மெல்லிய படலத்தில் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தாலும் கணக்கு பொருந்திவிடும். எண்ணை 1.5 என்று வைத்துக்கொண்டு தடிமனை எடுத்து, அதைப் பரப்பு நிறையாக (மேலே செய்தது போல, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று) மாற்றி எழுதுங்கள்.

எஸ்.பி.ஆர். அருமையான கருவி. புரதம் ஏறுவதைத் திரவத்திலேயே நொடிக்கு நொடி காட்டும். ஆனால் உங்கள் வேஃபர் அதில் பயன்படாது. கண்ணாடி மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கம் பூசிய தகடு வேண்டும். தங்கத்தின் மேல் அல்புமின் படிவதும் வேறு மாதிரி இருக்கும். வெப்பநிலை 1 டிகிரி நகர்ந்தால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 மாறும், அதையும் கருவி புரதம் போலவே பதிவுசெய்யும். பிணையும் வேகம் தெரிய வேண்டுமென்றால் மாறுங்கள். எவ்வளவு படிந்தது என்பது மட்டும் போதுமென்றால் எலிப்சோமீட்டரே சரி.

என்ன புரதம் என்பதை இரண்டுமே சொல்லாது. 1960-களில் ரத்த ஆய்வாளர் லியோ வ்ரோமன் ரத்தப் பிளாஸ்மாவை வைத்துச் சோதித்தபோது, படலத்தின் மேல் எதிர்ப்பொருளை (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்வதை) விட்டுத் தடிமன் கூடுகிறதா என்று பார்த்தார். முதலில் படிந்த ஃபைப்ரினோஜன் என்ற ரத்த உறைவுப் புரதத்தின் இடத்தைச் சற்று நேரத்திலேயே வேறு புரதங்கள் பிடித்துக்கொள்வது அப்படித்தான் வெளிப்பட்டது. நீங்களும் அல்புமினுக்கான எதிர்ப்பொருளை ஒரு துண்டிலும், சம்பந்தமில்லாத ஒன்றை இன்னொரு துண்டிலும் விட்டு ஒப்பிடுங்கள்.