சோடாவை ஏன் உடைக்கிறோம்?

அன்புள்ள ஐயா,

என் சிறுகதையில் 'மனைவிக்கு வந்த கடிதத்தை உடைத்துப் படித்தான்' என்று எழுதியிருந்தேன். காகிதம் எப்படி உடையும் என்று நண்பர் திருத்தச் சொன்னார். வட்டார வழக்கோ என்று எனக்கும் சந்தேகம். வம்பு வேண்டாமென்று 'ஓப்பன் பண்ணி' என்று மாற்றிவிட்டேன். எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதை நம்பாமல் 'ஓப்பன் பண்ணி'யிடம் ஓடினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். கதவு, மூட்டை, கடிதம் எல்லாவற்றையும் ஒரே 'ஓப்பன்' விழுங்கிவிட்டால் கதை எழுதுகிறவர் கையில் என்ன மிஞ்சும்? வட்டார வழக்கு என்பதை விடுங்கள், அதில் ஒன்றுமில்லை.

நண்பருக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுங்கள். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கழுத்துக்குள் கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ரப்பர் வளையம். வாயுவேற்றிய நீரை நிரப்பிக் கவிழ்த்தால் கோலி வளையத்தில் போய் உட்காரும். கரியமில வாயுவின் அழுத்தம் அதை அங்கேயே இறுக்கிப் பிடிக்கும். கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால் வாயு சீறும், கோலி கழுத்துக்குள் இறங்கும். கழுத்துப் பள்ளம் கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்துக் குடிக்க வேண்டும். அப்போதுதான் கோலி அதில் தங்கும். மாற்றிப் பிடித்தால் உருண்டு வந்து வாயை அடைத்துவிடும்.

கண்ணாடியும் உடையவில்லை, கோலியும் உடையவில்லை. ஆனாலும் 'ரெண்டு சோடா உடைங்க' என்கிறோம். உடைந்தது அடைப்பு. போன வாயு திரும்பாது. அந்தச் சோடாவைக் கடைக்காரர் இன்னொருவருக்கு விற்க முடியாது. மறுபடி மூடக்கூடியதைத்தான் திறக்கிறோம்.

அரக்கு முத்திரையின் பயனும் இதுவே. உருக்கி ஊற்றிய அரக்கு ஆறியதும் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், யார் கைவைத்தாலும் காட்டிக்கொடுக்கும். துணியில் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்த பார்சல் வந்தால் அரக்கை உடைத்து, தையலைப் பிரித்து, பெட்டியைத் திறப்பார்கள். ஒரு பார்சலுக்கு மூன்று வினை!

உங்கள் கதையில் அந்தக் கணவன் என்ன செய்தான்? ஒட்டாத மூலையில் கத்தியை நுழைத்து, மெல்லக் கிளப்பி, படித்தபின் பசை தடவி வைத்தானென்றால் 'பிரித்து' என்று எழுதுங்கள். அவளுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று ஓரத்தைக் கிழித்தானென்றால் 'உடைத்து'தான். இரண்டில் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும். 'ஓப்பன் பண்ணி'யை மட்டும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.