தோள்பைக்கு ஏற்ற ஃப்ளாஷ் எது? கேள்வியும் பதிலும்

எங்கள் ஒளிப்படக் குழுவில் இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃப்ளாஷ் பற்றியவை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் திருமணப் படங்கள் எடுத்து வருபவன் என்ற முறையில் அவற்றுக்கு விடையளிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். முகூர்த்த நாளில் நான் கொண்டுபோகும் பெரிய பெட்டியைப் பற்றி இங்கே பேசவில்லை. மற்ற நாள்களில் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் என்னோடு வரும் சிறிய பையில் எந்த ஃப்ளாஷ் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

வேளச்சேரி, கல்லூரி மாணவர்: ஐயா, என்னிடம் சிறிய மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. முதன்முதலாக ஃப்ளாஷ் வாங்கப் போகிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

அதன் தலை எந்தெந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். கடைக்காரர் முதலில் பவரைச் சொல்வார், பிறகு விலையைச் சொல்வார்; நீங்கள் ஃப்ளாஷைக் கையில் வாங்கி, தலை மேல்நோக்கி 90 டிகிரி நிமிர்கிறதா, இடமும் வலமுமாகச் சுழல்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் மட்டும் அசைகிற தலை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்த மறுகணமே பயனற்றுப் போகும், ஏனென்றால் அப்போது அதன் ஒளி சீலிங்குக்குப் போகாமல் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும்.

நேராக முகத்தில் அடிக்கும் ஒளி நெற்றியில் எண்ணெய் பூசியதுபோல மின்னும், பின்சுவரில் கறுப்பு நிழலையும் விழச் செய்யும். அதே ஒளியை வெள்ளைச் சீலிங்கில் மோதவிட்டால், சீலிங் முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறிவிடுகிறது. இன்றிரவே வீட்டுக் கூடத்தில் பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது படத்தில் அவர் மூக்குத்தியின் கல் தனியாகத் தெரியும். முதல் படத்தில் அது வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கும்.

இரண்டு ஏஏ பேட்டரியில் இயங்கும் கோடாக்ஸ் டிடி350, கேனான் இஎல்-100 போன்றவை இருநூறு கிராமை ஒட்டிய எடையுள்ளவை. இரண்டிலுமே தலை எல்லாப் பக்கமும் திரும்பும். லித்தியம் பேட்டரியும் வட்டத் தலையும் கொண்ட கோடாக்ஸ் வி1 பேட்டரியோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்டுகிறது. அது அருமையான கருவி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பையைத் தூக்கும்போது அதை எடுத்து வெளியே வைத்துவிடுவதுதான் என் வழக்கம்.

பெரம்பூர்: ஒன்றில் கைடு நம்பர் 60 என்றும் மற்றொன்றில் 36 என்றும் போட்டிருக்கிறது. 36 போதுமா?

கைடு நம்பர் என்பது தூரத்தையும் அப்பர்ச்சர் எண்ணையும் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்) பெருக்கி வரும் தொகை. ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 100 ஆக இருக்கும்போது 36 என்றால், ஒன்பது மீட்டரில் நிற்பவரை எஃப் 4-இல் சரியாக எடுக்கலாம். ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கினால் கைடு நம்பர் இரு மடங்காகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃப்ளாஷின் தலைக்குள் இருக்கும் ஜூம், ஒளிக்கற்றையைக் குறுக்கக் குறுக்க எண் ஏறிக்கொண்டே போகும். நிக்கான் நிறுவனம் எஸ்பி-5000-க்கு 35 மி.மீ. நிலையில் அளந்த 34.5 என்ற எண்ணைத் தருகிறது. கேனான் 600இஎக்ஸ்-ஆர்டியின் பெயரிலேயே இருக்கும் 60, 200 மி.மீ. நிலையில் அளந்தது. எண்களை மட்டும் பார்ப்பவர் ஒன்று மற்றொன்றில் பாதிதான் என்று நினைத்துவிடுவார், ஆனால் நிக்கானையும் 200 மி.மீ.-இல் வைத்தால் 55 வந்துவிடுகிறது. ஆகவே எண்ணைக் கேட்டால், எந்த ஜூமில் அளந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

36 போதுமா என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். நம் வீட்டுச் சீலிங் பத்தடி உயரம். ஒளி மேலே போய்த் திரும்பி வரும் வழி சுமார் நான்கு மீட்டர். மோதிச் சிதறுவதில் இரண்டு ஸ்டாப் இழப்பு என்று கொள்வோம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது). ஐஎஸ்ஓ 800, எஃப் 4 என்று வைத்தால், ஐஎஸ்ஓ 100 கணக்கில் 11 அல்லது 12 கைடு நம்பர் தேவைப்படும். விரிந்த ஜூமில் உங்கள் 36 என்பது 20 ஆகக் குறைந்ததாகக் கொண்டாலும், முழுப் பவரில் பாதிகூடச் செலவாகாது. வீட்டுக்கும் நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்கும் இது தாராளம். இருபதடி உயரத்தில் வண்ணத் துணி கட்டிய கல்யாண மண்டபத்தில் மட்டும் இது தோற்கும். அங்கே 60 என்று போட்டிருக்கும் ஃப்ளாஷும் திணறும் என்பது வேறு விஷயம்.

தாம்பரம்: டிடிஎல் வேண்டுமா, மேனுவல் போதுமா?

டிடிஎல் என்றால் கேமராவே ஒளியை அளந்து ஃப்ளாஷின் அளவை முடிவு செய்வது, மேனுவல் என்றால் அதை நாமே வைப்பது. நகர்ந்துகொண்டே எடுப்பவருக்கு டிடிஎல் வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையிலான தூரம் படத்துக்குப் படம் மாறும். மேசையில் பொருளை வைத்து எடுப்பவருக்கு மேனுவலே மேல். டிடிஎல் உள்ளதை வாங்கினால் மேனுவலும் அதில் இருக்கும்.

மயிலாப்பூர், இல்லத்தரசி: கொலுப் படியை ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் குத்துவிளக்கின் அழகே போய்விடுகிறது. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் பொம்மைகள் இருட்டில் இருக்கின்றன. என்ன செய்வது?

அம்மா, இரண்டு ஒளிகளின் நிறம் ஒத்துப்போகாததுதான் சிக்கல். ஃப்ளாஷின் ஒளி பகல் வெளிச்சத்தைப்போல ஏறத்தாழ 5500 கெல்வின் (இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). விளக்குச் சுடர் 2000 கெல்வினுக்கும் கீழே, ஆழ்ந்த மஞ்சள். ஃப்ளாஷின் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒன்றை ஒட்டினால் அதன் ஒளி 3200 கெல்வினை ஒட்டி இறங்கிவிடும். கேமராவின் ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பல்பு நிலைக்கு மாற்றுங்கள். அப்போது பொம்மைகள் இயல்பான நிறத்தில் தெரியும், சுடர் மட்டும் சற்றே கூடுதல் மஞ்சளாக நிற்கும். கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிகிறது.

அடுத்தது ஷட்டர். கேமராவை ஸ்டூலில் ஊன்றி வைத்து 1/15 விநாடி கொடுத்தால் சுடரின் ஒளியும் பதிவாகும். ஃப்ளாஷைச் சீலிங் பக்கம் திருப்பி, அதன் அளவை ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். எனாமல் பூசிய மண் பொம்மை கண்ணாடியைப்போல ஒளியைத் திருப்பி அடிக்கும், ஆகவே நேராக அடித்தால் தசாவதார செட்டில் பத்து வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஜெல் தாளின் விலை மிகக் குறைவு; எடை இல்லை என்றே சொல்லலாம். என் பையில் ஃப்ளாஷோடு ரப்பர் பேண்டில் சுற்றிய ஒரு துண்டு எப்போதும் இருக்கும்.

பெசன்ட் நகர்: காலையில் கடற்கரையில் எடுத்தால் முகம் கறுத்துப் போகிறது. சிறிய ஃப்ளாஷ் வெயிலில் உதவுமா?

உதவும், ஆனால் அருகில் போக வேண்டும். நம் கடல் கிழக்கே இருப்பதால், கடலைப் பின்னணியாக வைத்தால் காலைச் சூரியன் எதிரில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகம் நிழலில் விழும். ஐஎஸ்ஓ 100, 1/200 விநாடி, எஃப் 11 என்று வைத்து, இரண்டு மீட்டருக்குள் நின்று நேராகவே ஃப்ளாஷை அடியுங்கள். வெட்டவெளியில் மோதவிடச் சீலிங் ஏது?

ஏன் 1/200 என்று கேட்கலாம். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால், முதல் திரை முழுவதும் விலகுவதற்குள் இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுவது அதனால்தான். ஹைஸ்பீட் சிங்க் என்ற வசதி ஒளியைப் பல துடிப்புகளாகப் பிரித்து அனுப்பி இதைச் சமாளிக்கிறது, ஆனால் பவரில் பெரும்பகுதியை விலையாக வாங்கிக்கொள்கிறது. சிறிய ஃப்ளாஷில் அதை நம்பிப் பின்னணியை மங்கலாக்க முயன்றால், ஒரு மீட்டருக்குள் நெருங்கி நிற்க வேண்டியிருக்கும். சோனி 2023-இல் அறிவித்த ஏ9 III போன்ற, படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. அதன் விலை வேறு தொல்லை.

திருவல்லிக்கேணி: ஃபிலிம் காலத்தில் அப்பா பயன்படுத்திய ஃப்ளாஷ் நன்றாக வேலை செய்கிறது. என் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில், கேமராவின் ஹாட் ஷூவில் (ஃப்ளாஷ் மாட்டும் இடம்) செருகும் அடிப்பகுதியின் நடு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும், பழைய டிஜிட்டல் கேமராக்கள் சில 6 வோல்ட்டுக்கு மேல் ஏற்காது. ஃப்ளாஷை ஆன் செய்து தயார் விளக்கு எரிந்ததும், அடியில் உள்ள நடு முனையிலும் பக்கத் தகட்டிலும் மல்டிமீட்டரை வைத்து அளந்து, உங்கள் கேமராவின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். எக்காரணம் கொண்டும் பிரித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே உள்ள கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும்.

கொளத்தூர்: எந்த பேட்டரி?

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. 1.2 வோல்ட்தானே என்று தயங்காதீர்கள், அல்கலைன் 1.5 என்று சொல்லிக்கொண்டாலும் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது சோர்ந்துபோகும், ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டிவரும். மாதக்கணக்கில் பையில் கிடந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத எனிலூப் வகை இந்த வேலைக்கென்றே பிறந்தது.

ஒரு மழைக்காலம் முழுவதும் அல்கலைன் பேட்டரியோடு ஃப்ளாஷைப் பீரோவில் வைத்த பாவத்தைச் செய்தவன் நான். தை மாதம் திறந்தபோது ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்ததில் மூன்று முனைகள் பிழைத்தன, நான்காவது கையோடு வந்துவிட்டது. அதன்பின் பேட்டரியைத் தனிப் பெட்டியில் வைக்கிறேன், பைக்குள் சிலிக்கா ஜெல் போடுகிறேன், மாதம் ஒருமுறை கெப்பாசிட்டருக்காக முழுப் பவரில் சில முறை அடித்துப் பார்க்கிறேன்.

கோடம்பாக்கம்: இதற்குப் பதிலாகச் சிறிய எல்இடி விளக்கு வைத்துக்கொண்டால் போதாதா?

வீடியோவுக்கும், இரவில் தட்டில் இருக்கும் இட்லியை எடுக்கவும் போதும். ஆட்கள் அசையும் இடத்தில் போதாது. பத்து வாட் எல்இடி 1/60 விநாடியில் செலவிடும் ஆற்றல் ஒரு வாட்-விநாடியில் ஆறில் ஒரு பங்கு. வி1 ஃப்ளாஷ் ஒரே அடியில் தருவது 76 வாட்-விநாடி. எல்இடியின் திறன் கூடுதல் என்று கணக்கில் சேர்த்தாலும் இந்த இடைவெளி அடையாது.

மந்தைவெளி: மார்கழிக் கச்சேரிகளில் பயன்படுத்தலாமா?

கூடாது. பாடுபவரின் கவனம் சிதறும், அவையும் முகம் சுளிக்கும். ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை: ரிச்சி தெருப் பக்கம் பழைய ஃப்ளாஷ் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்படிச் சோதிப்பது?

முதலில் அது உங்கள் கேமராவுக்கான வகைதானா என்று பாருங்கள். ஒரே மாடல் கேனானுக்கும் நிக்கானுக்கும் சோனிக்கும் தனித்தனியாக வரும், அடியில் உள்ள முனைகளின் அமைப்பு மாறும். சோனியின் ஷூவில் முன்பக்கம் நுண்ணிய முனைகள் வரிசையாக இருக்கும், அவை வளைந்திருந்தால் வேண்டாம். உங்கள் கேமராவையும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் கையோடு கொண்டுபோங்கள். முழுப் பவரில் பத்து முறை அடித்து, ஒவ்வொரு முறையும் தயார் விளக்கு எத்தனை விநாடியில் எரிகிறது என்று எண்ணுங்கள். இடைவெளி நீண்டுகொண்டே போனால் கெப்பாசிட்டர் களைத்திருக்கலாம். தலையைத் திருப்பினால் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும், தானாகக் குனியக் கூடாது. முகப்புக் கண்ணாடிக்குள் டியூப் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பேட்டரி அறையின் மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தில் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.