புங்கமரம் பூத்திருக்கிறது, படத்தில் பூ எங்கே?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கரையில் புங்கமரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. 18-55 லென்ஸ் போட்ட கேமராவிலும் செல்போனிலும் மாறி மாறி எடுத்துப் பார்த்துவிட்டேன். நேரில் மரம் முழுக்கப் பூவாகத் தெரிகிறது. படத்தில் பச்சை இலைக்கூட்டமும் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளும்தான் இருக்கின்றன. ஆறும் வெளிறிப்போய்விடுகிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருக்கும் லென்ஸே போதும். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே வெயில் ஏறிய பிறகு, கரை மேட்டில் நின்று, முழு மரத்தையும் அடக்கி எடுத்தவை. புங்கமரத்துக்கு இந்த மூன்றுமே ஒத்துவராது.

முழு மரம் ஏன் சரிப்படாது என்பதை முதலில் பார்ப்போம். ஜப்பானில் ஆற்றங்கரைச் செர்ரி மரங்களை எடுத்த படங்களைப் பார்த்து நம்மில் பலர் அதே மாதிரி எடுக்கப் புறப்படுகிறோம். அங்கே பெருவாரியாக நட்டிருக்கும் சோமெய் யோஷினோ வகை, இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். கிளையில் பூவைத் தவிர வேறெதுவும் இல்லாததால், எவ்வளவு தள்ளி நின்று எடுத்தாலும் மரமே பூவாகத் தெரியும். நம் ஊரில் அப்படி எடுக்கத் தகுந்தவை பலாசும் கல்யாணமுருங்கையும். புங்கமோ புதுத்தளிரோடு சேர்ந்து பூக்கிறது. பூங்கொத்து இலைக்காம்பின் கக்கத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. ஒவ்வொரு பூவும் அவரைப்பூ அளவுக்குள்தான் இருக்கும். போதாக்குறைக்கு இலைக்கு எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு. நேரில் பார்க்கும்போது நம் கண் தனக்கு வேண்டிய பூவை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பாரபட்சம் தெரியாது. இலையில் தெறிக்கும் வெயிலும் பூவின் வெளிர்நிறமும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே மரத்தை விட்டு ஒரு கிளைக்கு வாருங்கள். ஆற்றின் மேல் சாய்ந்து, நீருக்கு ஆளுயரத்தில் தொங்கும் கிளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பூ எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறப் பூவுக்குப் பின்னால் இருட்டு இருந்தால்தான் பூ துலங்கும்.

அந்த இருட்டைத் தருவது ஆறுதான். அசையாத நீர் கண்ணாடி. எதிரே உள்ளதைக் காட்டும். கரை மேட்டிலிருந்து குனிந்து பார்த்தால் அருகிலுள்ள நீர் வானத்தைக் காட்டும். படத்தில் ஆறு வெளுத்துப்போனதற்குக் காரணம் அதுதான். இறங்கி நீர்மட்டத்தை ஒட்டி நின்றால், தூரத்து நீர் எதிர்க்கரை மரங்களைக் காட்டத் தொடங்கும். அது கரும்பச்சைப் பட்டையாகத் தெரியும். உங்கள் பூங்கொத்தை அந்தப் பட்டையின் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். கேமராவை ஓரடி ஏற்றினாலோ இறக்கினாலோ பின்னணி வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறிவிடும். நின்றபடி ஒருமுறை, மெல்ல உட்கார்ந்துகொண்டே ஒருமுறை திரையைப் பாருங்கள். எந்த உயரம் என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது எந்தக் கரையில் நிற்பது என்பது. பெரும்பாலோர் வீட்டுக்குப் பக்கமான கரையில் நின்று எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் ஆறு ஏறக்குறைய கிழக்கு நோக்கி ஓடுகிறது. அம்பாசமுத்திரம் வடகரை, கல்லிடைக்குறிச்சி தென்கரை. மார்ச் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். அதற்குப் பிறகு செப்டம்பர் வரை உதயம் கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளியே இருக்கும். ஆகவே புங்கம் பூக்கும் பங்குனி, சித்திரையில் காலை வேளையில் வடகரை மரங்களின் ஆற்றுப்பக்கம் நிழலில் கிடக்கும். தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால், பின்னணி நிழல்; உங்கள் முன்னிருக்கும் கிளையின் மேல் வலப்பக்கத்திலிருந்து, கிளைக்குக் கொஞ்சம் பின்புறமாக வெயில் விழும். இதழ் மெல்லியது என்பதால் ஒளி ஊடுருவி, பூ உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். இதற்காகவே நான் உங்களைக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போகச் சொல்வேன். நெல்லை நகரில் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆறு வடக்கே திரும்பிவிடுகிறது. பாளையங்கோட்டை கிழக்குக் கரையாகவும் நெல்லை மேற்குக் கரையாகவும் அமைந்துவிடுகின்றன.

நேரம்: சூரியன் எழுந்ததிலிருந்து எட்டு மணிக்குள். அதற்குள் காற்றும் எழுந்திருக்காது. சித்திரை பிறக்கும் நாட்களில் நெல்லைச் சீமையில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. கீழ்நோக்கித் தொங்கும் பூவின் மேல் தன் இலையின் நிழலே விழுந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் கேமராவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இனி கேமரா. லென்ஸை மிகவும் நெருக்கிக் காட்டும் 55-க்குக் கொண்டுபோங்கள், அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பு) எஃப் 5.6 அல்லது 8. ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, காற்றடித்தால் 500-இல் ஒரு பங்கு. அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 800 வரை ஏறினாலும் கவலைப்பட வேண்டாம். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, கொத்தில் உங்களுக்கு மிக அருகில் விரிந்திருக்கும் பூவின் மேல் வையுங்கள். பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெந்துபோகும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானில் முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). வானத்தைப் பின்னணியாக வைத்து எடுக்க நேர்ந்தால் இதற்கு நேர்மாறு. ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. புங்கம்பூ வெள்ளை இல்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அடியில் செம்பழுப்பில் சின்னக் கிண்ணம், அதிலிருந்து விரியும் இதழில் ஊதா கலந்த வெளிர் ரோஜா நிறம். சுற்றிலும் இலைப்பச்சை இருக்கும்போது நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் இந்த ஊதாவைக் கூட்டியோ குறைத்தோ குழப்பிவிடுகிறது. ‘வெயில்’ அமைப்பில் நிறுத்திவைத்து, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவும் சேமியுங்கள்.

நீங்கள் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். லென்ஸின் முன் திருகி, மெல்லச் சுழற்றினால் இலைப் பளபளப்பு அடங்கி உண்மையான பச்சை வெளியே வரும். நீரின் மேல் இதன் வேலை கோணத்தைப் பொறுத்தது. நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பு அநேகமாக மறைந்து, அடிமணலும் மீனும் தெரியும். மட்டமாகப் பார்க்கும்போது அவ்வளவு மாற்றம் இருக்காது. நமக்கு எதிர்க்கரையின் பிரதிபலிப்பு வேண்டும் என்பதால் இது நல்லதுதான். நீரைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே வளையத்தைச் சுழற்றுங்கள்.

செல்போனில் எடுப்பதானால் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள். திரையை விரித்துப் பெரிதாக்காதீர்கள். தொலைவு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நடந்து நெருங்குங்கள். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வசதி முகத்துக்கு ஏற்றது. பூங்கொத்தின் இடைவெளிகளை அது சரியாகப் பிரிக்காமல் பாதி இதழை விழுங்கிவிடும்.

உதிர்ந்த பூவை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் புங்கமரத்தின் சிறந்த படம் மரத்தில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் இந்தப் பூவைச் சங்கப் பாடலே நெற்பொரி சிதறியதாகக் கண்டிருக்கிறது. விடியற்காலையில், யாரும் மிதிப்பதற்கு முன் போக வேண்டும். நீரோரத்தில் பூக்கள் மிதந்து ஒதுங்கும் இடம் கிடைத்தால் கேமராவை முக்காலியில் வைத்து, வெயில் வருமுன் ஒரு நொடி, இரண்டு நொடி என்று ஷட்டரைத் திறந்துவிட்டுப் பாருங்கள். நகரும் பூ கோடாகும், கல்லில் சிக்கிய பூ அப்படியே நிற்கும்.

காவிரிக் கரை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால், புங்கம் பூக்கும்போது ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். வெயில் பட்ட மணல் ஒளியைக் கீழிருந்து மேலே அனுப்பும். தொங்கும் பூவின் உட்புற நிழலை அது நிரப்பிவிடுவதால், தாமிரபரணியைவிட அங்கே அரைமணி நேரம் கூடுதலாகவே எடுக்கலாம்.

உங்கள் இரண்டாவது படத்தின் ஓரத்தில் நிற்பது நீர்மருது. அதற்கு இந்த வழி வேண்டாம். அதன் பூ உயரத்தில், இதழே இல்லாத வெளிர்மஞ்சள் கதிராக வரும், கீழிருந்து எட்டாது. வழவழத்த சாம்பல் அடிமரமும் உரியும் பட்டையும்தான் அதன் அழகு. அவற்றை மேகமூட்டமான நாளில் எடுங்கள்.

படித்துறையில் இறங்கும்போது பாசி பிடித்த படியைக் கவனியுங்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் நீர்மட்டம் உயரும் என்பதால் முக்காலியை நீருக்குள் ஊன்றிவிட்டு விலகிப் போகாதீர்கள். காலையில் பெண்கள் குளிக்கும் துறையாக இருந்தால், கேமராவை உறையிலிருந்து எடுக்கும் முன்பே அங்கிருப்பவர்களிடம் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் தயங்கினால் வேறு மரம் பாருங்கள். கிளையை ஒடித்துத் தனியிடத்துக்குக் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம்.