ஆஸ்பத்திரி இலவசம், காப்பகம் இலவசம், அப்புறம் ஏன் பிளாட்பாரத்திலேயே கிடக்கிறார்கள்?

"எங்கள் அபார்ட்மெண்ட் கேட் ஓரம் ஒருவர் கால் புண்ணோடு படுத்திருக்கிறார், நாற்றம் தாங்கவில்லை. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது போகாமல் கிடப்பது சோம்பேறித்தனம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில், கட்டு கட்டும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் நாற்றத்தில்தான் என் காலை டியூட்டி தொடங்கும். அதனால் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மூட்டை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுபவர். இளவயதில் கொத்தவால்சாவடியில் காய்கறி மூட்டை இழுத்தவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது இவர் போகவில்லை. பாரிமுனைப் பக்கமே கிடைத்த லோடு அடித்தார். தூக்கம் வண்டி மேலேயே. விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வந்தால் எழுந்து நிற்பார். சோம்பேறி என்று இவரைச் சொன்னால் நம்மையெல்லாம் என்னவென்று சொல்வது?

அவருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய், ஆணி குத்தியதுகூடத் தெரியவில்லை. முதல் தடவை அவர் காலில் சுற்றியிருந்த லுங்கித் துணியை நனைத்து நனைத்துப் பிரித்தபோது, விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் புழு. டர்பன்டைன் விட்டால் மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வரும். ஃபோர்செப்ஸால் பிடித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி உள்ளேயே அறுந்துவிடும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னா சிஸ்டர், எல்லாம் வந்துச்சா? நீ சாப்பிட்டியாம்மா?" என்றார்.

வழக்கமான பாட்டைப் பாடினேன். கால் ஈரமாகக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், மாத்திரையை விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மழைக்காலத்தில் பிளாட்பாரத்தில் இருப்பவர் காலை எங்கே காய வைப்பார்? இரவு பதினோரு மணிக்கு யாரோ பொட்டலம் கொடுத்தால் அதுதான் அவருடைய வேளை. ஒரு மாத மாத்திரையை வண்டி ஹேண்டில்பாரில் கவரோடு மாட்டியிருந்தார், குப்பை என்று யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் இன்சுலின் எழுதினார். டீக்கடைக்காரர் ஒருவர் தன் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், அதை வைத்துக்கொண்டார். அவர் மச்சான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டதும் அதுவும் நின்றது. அட்மிஷன் என்றால், கூட ஆள் யார் என்பதுதான் முதல் கேள்வி. நாங்களும் கேட்போம். ஐம்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டில் வேறு எப்படிக் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, காப்பகம். லட்சம் பேருக்கு ஒன்று வீதம் நகரங்களில் இருபத்து நாலு மணி நேரக் காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னையில் மாநகராட்சி காப்பகங்கள் இருக்கின்றன, நன்றாக நடப்பவற்றையும் பார்த்திருக்கிறேன், குறைந்த சம்பளத்தில் அங்கே இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவரும் ஒன்றுக்குப் போனார். நாற்றத்தைத் தாங்க முடியாமல் பக்கத்தில் படுத்தவர்கள் சண்டை போட்டார்கள். வண்டியை வெளியே தெருவில் விட வேண்டும், மூன்று மணிக்குக் கேட்டைத் திறந்துவிட ஆள் இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

வாடகைக்கு ஒரு அறை எடுக்கலாமே என்பீர்கள். மாச வாடகை அவரால் முடியும். அட்வான்ஸ்? நம் ஊரில் பத்து மாதம். 2017-ல் வந்த வாடகைச் சட்டத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று அதிலேயே ஓட்டையும் வைத்துவிட்டார்கள். அரசு வேலையில் இருக்கும் என்னிடமே பத்து மாதம் கேட்டார்கள். போதாததற்கு "நைட் டியூட்டி உண்டா? எத்தனை மணிக்கு வருவீங்க? யார் கொண்டுவந்து விடுவாங்க?" என்று விசாரணை வேறு. கொரோனா நேரத்தில் மாடியில் நின்று எங்களுக்குக் கை தட்டியவர்கள்தான் இவர்களும். சரி, அது என் வயிற்றெரிச்சல். விடுங்கள்.

நடுவில் பெரியவர் கட்டு மாற்ற வருவது நின்றுபோனது. டீக்கடைக்காரர் வந்து சொன்னார்: லாரியிலிருந்து ஏதோ பண்டல் காணாமல் போனதாம், பக்கத்தில் படுத்திருந்தவர்களை எழுப்பிக் கொண்டுபோய்விட்டார்களாம். கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது, இரண்டு நபர் ஜாமீன். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் அவருக்கு எங்கிருந்து வருவார்கள்? ஜாமீன் தரக்கூடிய குற்றமாக இருந்து, ஒரு வாரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் ஏழை என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் மேல் போட்ட திருட்டு வழக்கு அந்தக் கணக்கில் வராது. "கவர்மெண்ட் ஸ்டாஃப் கையெழுத்து போட்டா ஒத்துக்குவாங்க சிஸ்டர்" என்றார் டீக்கடைக்காரர். நான் போடவில்லை. திட்ட நினைப்பவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். வாய்தாவுக்கு அவர் வராவிட்டால் பணத்தை என்னிடம்தான் கேட்பார்கள், எனக்கு இரண்டு பிள்ளைகள்.

நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவரும் பல மாதம் அப்படித்தான் இருந்தார். வெளியே வந்து நேராக எங்களிடம் வந்தார், காலைக் காட்ட. புண் மூடியிருந்தது! வேளைக்குச் சோறு, கையில் கொடுத்த மாத்திரை, ஈரமில்லாத தரை. நான் பாடிய பாட்டு அத்தனையும் அவருக்கு உள்ளேதான் கிடைத்திருக்கிறது. ஜெயிலுக்கு நான் சர்டிஃபிகேட் கொடுப்பதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். வெளியே நாம் கொடுக்காததைச் சொல்கிறேன்.

வண்டி போனது போனதுதான். லோடு இல்லை, காசு இல்லை, மழை வந்தது, புண்ணும் வந்தது. இந்தத் தடவை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தபோது வாய்தா தேதி தவறி, பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். தேடி வந்த ஏட்டையா கட்டைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. பெரியவர் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சோறு சரியில்லை என்று எனக்கு அடிக்கடி போன் போட்டுத் திட்டுகிறார்.

உங்கள் கேட் ஓரம் இருப்பவருக்கு வருகிறேன். போலீஸைக் கூப்பிட்டு அப்புறப்படுத்தச் சொல்லாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அவரிடம் ஒரு பை இருக்கும், அதையும் வண்டியில் ஏற்றுங்கள். அது தொலைந்தால் இருக்கிற ஒரே அடையாள அட்டையும் தொலையும். மனநிலை சரியில்லாதவர் மாதிரித் தெரிந்தால் விஷயம் வேறு: 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது போலீஸின் கடமை, லாக்கப்பில் வைக்கவே கூடாது. அப்போது ஸ்டேஷனில் பிரிவு எண்ணைச் சொல்லியே பேசுங்கள். முடிந்தால் அசோசியேஷனிலிருந்து ஒருவர் ஆம்புலன்ஸில் கூடவே ஏறுங்கள். கூட ஆள் யார் என்று நாங்கள் கேட்கும்போது கை தூக்க ஒருவர் இருந்தால் போதும், அட்மிஷன் போட்டுவிடுவோம்.