பிளாஸ்மா தாரையின் வேகத்தை அளக்கும் புராஜெக்ட்: மகளை விடலாமா?

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மகள் உமிழ் நிறமாலை வழியாகப் பிளாஸ்மா தாரையின் வேகத்தை அளக்கும் புராஜெக்ட்டை எடுக்க நினைக்கிறார், இதற்கெல்லாம் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். இந்தப் பெயரைச் சொல்லி ஆள் எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆனாலும் தடுக்காதீர்கள்.

பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயு. அதன் தாரை பல ஆயிரம் டிகிரி சூட்டில் பாய்கிறது. உள்ளே எதை நுழைத்தாலும் உருகும், இல்லையென்றால் ஓட்டத்தைக் கெடுக்கும். அதனால் அது உமிழும் ஒளியையே நிறமாலையாகப் பிரித்து, அந்தந்த அணுவுக்கே உரிய நிறக் கோடுகளைப் பார்க்கிறார்கள். நம்மை நோக்கி வரும் அணுவின் ஒளி நீலப் பக்கம் சற்று நகரும். அதுதான் டாப்ளர் நகர்வு. ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்புக் கோட்டில், நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்கு நகர்வு வெறும் 0.022 நானோமீட்டர். 10,000 கெல்வினில் அணுக்களின் வெப்ப ஓட்டமே அந்தக் கோட்டை 0.047 நானோமீட்டர் அகலத்துக்கு விரித்துவிடுகிறது! அகலத்தில் பாதிகூட இல்லாத நகர்வை, கோட்டின் மையத்தைக் கணக்கிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அறையின் வெப்பநிலை மாறினாலே கருவி இதே அளவுக்கு விலகக்கூடும். எனவே இடம் முன்பே தெரிந்த நியான் விளக்கின் கோடுகளோடு அடிக்கடி ஒப்பிட வேண்டும். தாரைக்குச் செங்குத்தாக நின்று பார்த்தால் நகர்வே தெரியாது. சாய்வாகப் பார்க்க வேண்டும், அந்தக் கோணமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். எதிரெதிர்த் திசைகளிலிருந்து பார்த்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நகர்வு இரட்டிப்பாகும், கருவியின் பிழையும் நீங்கும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடும் இந்தப் பழக்கத்துக்குத்தான் மதிப்பு. சிப் தயாரிப்பில் பிளாஸ்மாவால் அரித்தெடுக்கும் வேலை எப்போது முடிந்தது என்பதை அதன் ஒளியைக் கவனித்தே அறிகிறார்கள். டர்பைன் இறக்கைகளுக்கு வெப்பத் தடுப்புப் பூச்சு, செயற்கைக்கோள்களின் மின் உந்திகள், அணுக்கரு இணைவு ஆய்வு என்று இதே திறன் கேட்கும் துறைகள் இன்னும் உண்டு.

எனக்கு ஒரே ஒரு தயக்கம். சில ஆய்வகங்களில் மாணவர் கைக்குத் தரவுக் கோப்பு மட்டுமே வரும். அப்படியானால் நான் மேலே சொன்ன எதையும் உங்கள் மகள் கற்கமாட்டார். தலைப்பை ஒப்புக்கொள்ளும் முன் வழிகாட்டியிடம் அவரே கேட்கட்டும்: ஒளியைப் பிரிக்கும் நிறமாலைமானி உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறதா, நியான் விளக்கோடு ஒப்பிடும் அளவுத்திருத்தத்தை நான் செய்யலாமா, கோடுகளைப் பொருத்தும் பைத்தான் நிரலை நானே எழுதலாமா? உயர் மின்னழுத்தமும் புற ஊதா ஒளியும் புழங்கும் இடம் என்பதால் பாதுகாப்புப் பயிற்சி பற்றியும் விசாரிக்க வேண்டும். பதில்கள் மழுப்பலாக வந்தால், தலைப்பை விடாமல் வழிகாட்டியை மாற்றப் பாருங்கள்.