யாருக்குக் குறைந்த தீங்கு?

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிகரெட் பிடித்ததே இல்லை. முதலாண்டில் அறைத்தோழன் கொடுத்து வேப், அதாவது மின்சிகரெட், பழகினேன். விடுதியில் நிறையப் பேர் அடிக்கிறார்கள், யாரும் அதைப் புகைப்பழக்கமாக நினைப்பதில்லை. தேர்வு நேரத்தில் படிப்பில் மனம் நிற்க எனக்கு அதுதான் உதவுகிறது. சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று இங்கிலாந்தின் சுகாதார அமைப்பே சொன்ன பிறகும் பெரியவர்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்? இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதாலா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஒழுக்கத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நீங்கள் சொல்லும் 95 சதவீதம் 2015-இல் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து வெளியிட்ட மதிப்பீடு. அதன் அடிப்படை எளிது. மின்சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை, நிக்கோடின் கலந்த திரவம்தான் சூடாகி ஆவியாகிறது. எரியாததால் தார் என்னும் ஒட்டும் கரிப்பிசினும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் இல்லை. வருடக்கணக்காகச் சிகரெட் பிடித்து, விட முடியாமல் தவிக்கும் ஒருவர் இதற்கு மாறினால் அவருக்கு லாபம்தான். ஆனால் அந்தக் கணக்கு அவருக்காகப் போட்டது. நீங்கள் சிகரெட்டிலிருந்து மாறவில்லையே! அதற்கு முன் நீங்கள் இழுத்தது வெறும் காற்று. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூடேறும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும், திரவம் சூடாகும்போது உண்டாகும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளும் அந்த ஆவியில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவு சிகரெட்டைவிடக் குறைவு, சரி. உங்களுக்கு அது புதிதாகச் சேர்ந்த தீங்கு.

என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரி, படிப்பில் மனம் நிற்க உதவுகிறது என்பது. நிக்கோடின் கொஞ்ச நேரம் கவனத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். பழகிய மூளை அப்போது கேட்கத் தொடங்குகிறது. எரிச்சல் வருகிறது, பக்கம் புரட்டினாலும் ஒன்றும் ஏறுவதில்லை. ஒரு இழுப்பு இழுத்தால் தெளிவாகிறது. 'பார், இது இல்லாமல் என்னால் படிக்க முடியாது' என்று நினைக்கிறீர்கள். கவனம் சிதறுவது நிக்கோடின் குறைவதன் அறிகுறிகளில் ஒன்று. அதாவது, சிதறடித்ததும் அதுதான், சேர்த்துக் கொடுத்ததும் அதுதான். பள்ளி நாட்களில் இது இல்லாமல்தானே தேர்வெழுதி இந்தப் பல்கலைக்கழகம் வரை வந்தீர்கள்?

அப்புறம் அளவு. சிகரெட் கையில் எரிந்து முடிந்துவிடும். ஒன்று முடிந்தது என்று தெரியும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. தலையணைக்கடியில் கிடக்கிறது, பாதி ராத்திரியில் விழிப்பு வந்தாலும் கை அதைத் தேடுகிறது. இன்று எத்தனை இழுப்பு என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? போதாததற்கு, நிக்கோடின் உப்பு வந்தபின் தொண்டையில் காரலும் போய்விட்டது. நிக்கோடினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து அதன் காரத்தன்மையைக் குறைக்கிறார்கள். அதனால் கடுமையான அளவும் சுலபமாக உள்ளே இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டர் திரவத்துக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின்தான் உச்சம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்காவில் ஜூல் என்ற மின்சிகரெட் நிறுவனம் விற்றது 59 மில்லிகிராம். காரல் என்பது புதிதாகப் பழகுபவரை 'போதும்' என்று தடுக்கும் விஷயம். அதை எடுத்துவிட்டு மாம்பழ வாசனையும் சேர்த்தால், அந்தப் பொருள் யாரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது? முப்பது வருடம் புகைத்தவர் மாம்பழ வாசனை கேட்டாரா? என் கோபமெல்லாம் இதைச் செய்து விற்றவர்கள் மேல்தான், உங்கள் மேல் இல்லை.

வேண்டும்போது விட்டுவிடலாம் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மின்சிகரெட் மூலம் சிகரெட்டை விட முயன்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் வென்றிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை, நிக்கோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் அது 9.9 சதவீதம்தான். மின்சிகரெட்டுக்கு ஆதரவாக எல்லோரும் இதைக் காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: மின்சிகரெட்டால் வென்றவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மின்சிகரெட்டை விடவில்லை. சிகரெட்டையே விட்ட உறுதிக்காரர்கள் அவர்கள்.

விடுவதானால் தேர்வு வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம், பிறகு சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். செமஸ்டர் முடிந்த மறுநாள் நல்ல நாள். அறைத்தோழனிடமும் சொல்லிவிடுங்கள், அந்த நாட்களில் உங்கள் எதிரில் அடிக்க வேண்டாமென்று. தனியாக முடியவில்லை என்றால் பல்கலைக்கழக மருத்துவரைப் பாருங்கள்; அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அவரிடம் வழி இருக்கும். எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.